மழையில் செஞ்சி

தேங்காய்த்திட்டில் வாழும் நமக்குச் செஞ்சி அயலூர் அன்று. நம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிக் கடலில் கலக்கும் அரியாங்குப்பம் ஆறு, சங்கராபரணியின் ஒரு கிளை. சங்கராபரணிக்கு வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் வேறு பெயர்கள் உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழைதான் வீடூர், திருவக்கரை, வில்லியனூர் எனப் பல ஊர்களைத் தொட்டு நம் முகத்துவாரத்துக்கு வருகிறது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியதையும், அடுத்து ஆற்றங்கரை ஊர்கள் பட்ட பாட்டையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

அந்த ஆறு பிறக்கும் பக்கத்துக் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று ஐப்பசி மாதத்து விடுமுறை நாளொன்றில் குடும்பமாகப் புறப்பட்டோம். திண்டிவனம் தாண்டும்போதே தூறல். கோட்டை வாசலில் இறங்கும்போது பெருமழை. ஏறத்தாழ 800 அடி உயர இராஜகிரியின் படிகள் வழுக்கும், ஏற வேண்டாம் என்று காவலர் தடுத்துவிட்டார். உச்சிக்குச் சற்றுக் கீழே, 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவின்மேல் பாலம் ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டால் பத்துப் பேர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம் என்பார்கள். அதைக் காணத்தான் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முகம் தொங்கிப்போயிற்று.

அடிவாரத்துக் களஞ்சியத்தின் வளைந்த கூரைக்குக் கீழ் ஒதுங்கிப் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். வெயில் நாளில் வருபவர்கள் காணாத ஒன்றை அங்கிருந்து கண்டோம். ஒவ்வொரு பாறையிலிருந்தும் நீர் இழைஇழையாக இறங்குகிறது. இறங்கும் நீரைப் பிடித்து வைக்கச் சுனைகளும் குளங்களும் காத்திருக்கின்றன. ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் என அடிவாரத்திலேயே எத்தனை! கல்யாண மகாலின் மேல்மாடிவரை சுடுமண் குழாய்களில் நீரேற்றிய ஏற்பாடும் இருந்தது. மதிலைப் பார்த்துக் கோட்டை என்கிறோம். மழையைத் தேக்கும் ஒரு பெரிய கலம் என்று சொன்னாலும் பொருந்தும்.

இத்தனை நீர் யாருக்காக? 1597-இல் இங்கு வந்த சேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா, கிருஷ்ணப்ப நாயக்கரின் இந்தத் தலைநகரைக் கண்டு வியந்து எழுதினார். இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களுள் இதுவே பெரிது. போர்த்துக்கல்லிலும் லிஸ்பன் தவிர இதற்கு ஈடில்லை என்பது அவர் கணிப்பு. விருந்தாளியின் மிகைக்குச் சிறிது கழித்துக்கொண்டாலும், குளங்களைத் தூர்வாரவும் மடைகளைக் காக்கவும் கைகள் நிறைந்த ஊராக அது இருந்தது என்பதில் ஐயமில்லை. மராத்திய அரசர் இராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தார். தளபதி வேண்டுமென்றே காலத்தை இழுத்தார் என்ற பேச்சும் உண்டு. எப்படியாயினும், நீரில்லாத கோட்டை எட்டு ஆண்டுகள் தாங்கியிராது.

"ஆயா, தேசிங்கு கதையைச் சொல்லு" என்று பேரப்பிள்ளைகள் நச்சரிக்க, எங்கள் தாயார் தொடங்கினார். நீலவேணிக் குதிரை, உயிர்த்தோழன் மகமத்கான், பெருக்கெடுத்த ஆற்றைக் குதிரையோடு தாண்டிய தீரம் என்று, மழை இரைச்சலையும் மீறி அவர் குரல் உயர்ந்தது. வரலாறு கொடுப்பது கொஞ்சமே. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபரில், ஏறத்தாழ 22 வயதில் போரில் மாண்டார். ஓராண்டுகூட ஆளவில்லை. அவர் உடலை எரித்த இடமென ஒரு மேடையைச் செட்டிக்குளக்கரையில் இன்றும் காட்டுகிறார்கள்.

அதே குளக்கரைகளில் நடந்த இன்னொரு சாவைப் பற்றி எவரும் பாடவில்லை. அது நம் புதுச்சேரியோடு தொடர்புடையது.

1750 செப்டம்பரில் துய்ப்ளேக்சின் தளபதி புஸ்ஸி, புகழ்பெற்ற இந்தக் கோட்டையை ஒரே இரவில் கைப்பற்றினார். எப்படி ஏறினோம் என்று விடிந்தபின் பிரெஞ்சுக்காரர்களே அண்ணாந்து பார்த்து வியந்தார்களாம். வெற்றியின் விலை பிறகே தெரிந்தது. அக்கால வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் தரும் கணக்கின்படி, ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கு வைத்திராத பிரெஞ்சுக்காரர், பத்தாண்டுகளில் 1,200 பேரை நோய்க்குப் பறிகொடுத்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. செஞ்சியில் இருந்த படைத்தலைவர் மக்கிரெகர் முதலில் வீறாப்பாகப் பேசினார். ஏப்ரல் 5-இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித்திடம் கோட்டையை ஒப்படைத்தார். ஸ்மித்தும் நிபந்தனைகளை மகிழ்ச்சியோடு ஏற்றார். ஏனெனில் அந்தச் சில வாரங்களுக்குள் அவருடைய சிப்பாய்களில் 300 பேர் நோயால் இறந்திருந்தார்கள்.

கெட்ட காற்று, கெட்ட நீர் என்கிறார் ஓர்ம். மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். செஞ்சிக் காய்ச்சலும் அவ்வகையாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். இன்னொன்றும் தோன்றுகிறது. பிமெந்தா கண்ட பெருநகர் வாழ்ந்ததும் இதே குளங்களை நம்பித்தான். இடைப்பட்ட 160 ஆண்டுகளில் முற்றுகைமேல் முற்றுகை வந்து குடிகள் கலைந்தார்கள். தூர்வாரும் கைகள் போயின. காவற்படை மட்டும் எஞ்சிய ஊரில் குளம் பாசி பிடித்துக் கொசு வளர்க்கும் குட்டையாயிற்று. மலையோ மழையோ மாறவில்லை.

அந்த 1,200 பேர் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பலரும் நம் கடற்கரையில் இறங்கி, நம் ஆற்றைக் கடந்து அங்கே நடந்திருப்பார்கள். சிப்பாய்களோ இந்த நாட்டு மக்கள். ஓர்ம், ஸ்மித்தின் பெயரையும் மக்கிரெகரின் பெயரையும் எழுதி வைத்தார். சிப்பாய்களுக்கு 300 என்ற எண் மட்டும் கிடைத்தது.

மூன்று மணிக்கு மழை சற்று விட்டது. வேங்கடரமணர் கோயிலுக்குப் போனோம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்து வரப்பட்டவை என்பார்கள். நாள்தோறும் அவற்றைக் கடந்து நடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கடைசிப் பேரன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து, "இதையும் தூக்கிட்டு வந்திடலாமா?" என்றான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இனி வருவோர் பெருகுவர். புதிய பலகைகளும் வரும். தேசிங்கின் மேடையைக் காட்டும் பலகைக்குப் பக்கத்தில், காய்ச்சலில் மடிந்த சிப்பாய்களுக்கும் ஒரு கல் நாட்டலாம். குளங்களைத் தூர்வாரும் வேலையை அடுத்த ஐப்பசிக்கு முன்பே தொடங்கலாம்.