பேக்லாக்

பெயர்ச்சொல். மென்பொருள் குழு இனிச் செய்யவேண்டிய வேலைகளின் முன்னுரிமைப் பட்டியல்.

'பேக்' என்றால் பின், 'லாக்' மரக்கட்டை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், கணப்படுப்பின் பின்புறம் வைத்து எரித்த பெருங்கட்டையைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் கையிருப்பு என்றும், 20ஆம் நூற்றாண்டில் தேங்கிய வேலை என்றும் பொருள் விரிந்தது. ஸ்க்ரம் என்னும் மென்பொருள் உருவாக்க முறையில் 'புராடக்ட் பேக்லாக்' ஆனது.

புராஜெக்ட் முறையில் வேலைப்பட்டியல் தொடக்கத்திலேயே முடிவாகும். ஒப்படைத்ததும் குழு கலையும். புராடக்ட் முறையில், மென்பொருள் புழக்கத்தில் உள்ளவரை பட்டியலும் வளரும். பயனருக்கு அதிகம் உதவுவதை, பட்டியலுக்குப் பொறுப்பான புராடக்ட் ஓனர் மேலே ஏற்றுவார்.

எ-கா: "பேமென்ட் பாதியில நிக்குது, அதை முதல்ல எடுங்க, டார்க் மோடு அப்புறம் பாத்துக்கலாம்."

எனவே, தேங்கியதை மட்டும் குறிக்கும் 'நிலுவை' என்பது இங்கே பொருந்தாது. 'பணிவரிசை' என்பதே சரி.