மான்செஸ்டர்: ஆலை நகரம் வளர்த்த கலையும் இதழும்

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று நம் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. அதனைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும் கேட்கும் மாணவரும் மான்செஸ்டர் என்றவுடன் பஞ்சையும் நூலையும் புகைபோக்கியையும் மட்டுமே மனத்திற் கொள்வது இயல்பு. ஆயின், பஞ்சாலைக்குப் பெயர்பெற்ற அந்நகரம் இசைக்கும் நூலகத்துக்கும் நாடகத்துக்கும் செய்தித்தாளுக்கும் பெயர்பெற்ற நகரமுமாகும். அரசவையின் ஆதரவோ பழம்பெரும் பல்கலைக்கழகமோ இல்லாத ஓர் ஊரில் கலை எவ்வாறு வேரூன்றிற்று? அதில் உள்ளூர்ச் செய்தித்தாளின் பங்கு யாது? அவ்விதழ் ஊரைவிட்டுப் பெயர்ந்தபொழுது ஊர் இழந்தது என்ன? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடிக் கற்றவர்கள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டரில், 1851இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இவ்வளவு விரைவாகப் பெருகிய ஊருக்கு 1832ஆம் ஆண்டுவரை நாடாளுமன்றத்தில் தனக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. நகராட்சி கிடைத்ததே 1838இல்தான். ஆளும் அமைப்பு இல்லாத ஊரில் மக்கள் தாமே சங்கங்களை அமைத்துக்கொண்டனர்.

அவற்றுள் முதன்மையானது 1781இல் தோன்றிய இலக்கிய தத்துவக் கழகம். மருத்துவரும் வணிகரும் ஆலை உடையாரும் கூடிக் கட்டுரை படித்து வாதிட்ட மன்றம் அது. 1794இல் அதில் உறுப்பினரான ஜான் டால்டன் என்னும் பள்ளியாசிரியர், நிறக்குருடு பற்றிய தம் ஆராய்ச்சியையும் பின்னர் அணுக் கொள்கைக்கு அடிப்படையான கருத்துகளையும் அம்மன்றத்தில்தான் முதன்முதலாக வெளியிட்டார். மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பிழைத்த ஒருவர் உலகப் புகழ்பெற்ற அறிவியலாளராக உயர்வதற்கு ஓர் ஊர்ச் சங்கம் மேடையாயிற்று என்பது ஆசிரியர்களாகிய நாம் எண்ணி மகிழத்தக்கது.

1806இல் 'போர்ட்டிகோ' என்னும் நூலகம் திறக்கப்பட்டது. அது நூலகமாக மட்டுமன்றிச் செய்தித்தாள் படிக்கும் கூடமாகவும் விளங்கிற்று. சொற்களைப் பொருள்வகையால் தொகுத்து அகராதி கண்ட ரோஜட் என்பாரே அதன் முதற் செயலாளர். ஆனால் இவையெல்லாம் சந்தா கட்ட வல்லவர்களுக்கே உரியன. உழைப்பாளிக்கு அங்கே இடமில்லை.

திடலில் பிறந்த இதழ்

1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், வாக்குரிமை வேண்டிப் புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ 60 ஆயிரம் மக்கள் கூடினர். நெசவாளர் தம் மனைவி மக்களுடன் தூய ஆடை உடுத்தி, ஊர்வலமாக வந்தனர். ஹென்றி ஹண்ட் என்னும் பேச்சாளரைக் கைது செய்யுமாறு நீதிபதிகள் ஆணையிட்டனர். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தது. பதினைவருக்கும் மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நான்காண்டுகளுக்கு முன் நடந்த வாட்டர்லூப் போரை நினைவூட்டி, 'பீட்டர்லூ' என இக்கொடுமைக்கு எள்ளற்பெயர் வழங்கலாயிற்று.

அன்று மேடையருகே இருந்த இலண்டன் 'டைம்ஸ்' நிருபரும் கைதாகிவிட்டார். நீதிபதிகள் சொல்வது மட்டுமே தலைநகருக்குப் போய்ச் சேருமோ என்ற அச்சம் எழுந்தது. அப்பொழுது ஜான் எட்வர்டு டெய்லர், ஆர்ச்சிபால்டு பிரெண்டிஸ் என்னும் ஊர்க்காரர் இருவர், உண்மை நிகழ்ச்சியை எழுதி உடனே இலண்டன் இதழ்களுக்கு அனுப்பினர். தன் ஊரில் நடந்ததைத் தானே எழுதாவிட்டால் பிறர் எழுதியதே வரலாறாகிவிடும் என்னும் பாடத்தை மான்செஸ்டர் அன்று கற்றுக்கொண்டது.

வணிக நண்பர்கள் பொருளுதவி செய்ய, டெய்லர் 1821ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் 'மான்செஸ்டர் கார்டியன்' என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். அதன் விலை 7 பென்ஸ். அதில் 4 பென்ஸ் அரசாங்க முத்திரை வரி. ஏழை வாங்க முடியாதபடி அறிவுக்கு விதித்த வரி என்றே அதனைச் சொல்லலாம். 1855இல் அவ்வரி நீங்கியதும் கார்டியன் நாளிதழாயிற்று, விலையும் குறைந்தது.

உழைப்பாளரும் நூலகமும்

1850இல் நாடாளுமன்றம் பொதுநூலகச் சட்டத்தை இயற்றிற்று. ஆயின் அச்சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. வரிப்பணத்தைக் கட்டடத்துக்கும் ஊழியருக்கும் செலவிடலாம். நூல் வாங்கச் செலவிடலாகாது! நூல்களுக்கு ஊரார்தாம் நன்கொடை திரட்ட வேண்டும். நகரத் தலைவர் ஜான் பாட்டர் முன்னின்று திரட்டிய நிதிக்குச் செல்வர்கள் பெருந்தொகை தந்தனர். ஆலைத் தொழிலாளரும் தம்மால் இயன்ற சிறுகாசைத் தந்தனர். சமதர்மக் கொள்கையினரான ராபர்ட் ஓவன் இயக்கத்தார் 1840இல் கட்டிய 'அறிவியல் மண்டபம்' நூலகத்துக்காக வாங்கப்பட்டது. 1852 செப்டம்பர் 2ஆம் நாள் நடந்த திறப்பு விழாவுக்கு நாவலாசிரியர்கள் டிக்கன்ஸும் தாக்கரேயும் வந்திருந்தனர்.

அந்நூலக இயக்கம் என்ன பயன் தந்தது என்பதற்கு ஒருவர் வாழ்க்கையே சான்று. நெவில் கார்டஸ் என்பார் 1888இல் மான்செஸ்டரின் ரஷோம் பகுதியில், துணி வெளுத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். நகரத்து இலவச நூலகங்களே அவருக்குக் கல்லூரி. 1917இல் கார்டியனிற் சேர்ந்த அவர், கிரிக்கெட்டைப் பற்றியும் இசையைப் பற்றியும் எழுதிய கட்டுரைகளால் ஆங்கில உரைநடையில் நிலைத்த இடம் பெற்றார். தொழிலாளர் சிறுகாசு சேர்ந்து எழுந்த நூலகம், அவ்வூர் இதழுக்கே ஓர் எழுத்தாளரைத் தந்துவிட்டது.

ஒரு பென்னி இலாபம்

1857ஆம் ஆண்டு ஓல்டு டிராஃபோர்டில் கலைச்செல்வப் பொருட்காட்சி நடைபெற்றது. செல்வர் இல்லங்களில் மறைந்து கிடந்த 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. ஐந்தரைத் திங்களில் 13 இலட்சம் பேர் கண்டுகளித்தனர். டைட்டஸ் சால்ட் என்னும் ஆலை முதலாளி தம் தொழிலாளர் 2,500 பேரை இரயிலேற்றி அனுப்பினார்.

அப்பொருட்காட்சியில் நாள்தோறும் இசை வழங்கியவர் சார்லஸ் ஹாலே. செருமனியிற் பிறந்து பாரிசில் வாழ்ந்து, 1848இன் புரட்சிக்குப் பின் இங்கிலாந்து வந்தவர். காட்சி முடிந்ததும் இசைக்குழுவைக் கலைக்க மனமின்றி, 1858 சனவரி 30இல் தம் செலவிலேயே இசைநிகழ்ச்சிகளைத் தொடங்கினார். முதற்பருவத்தில் 30 நிகழ்ச்சிகள். கணக்கு முடித்துப் பார்த்தால் இலாபம் 30 பென்ஸ்! நிகழ்ச்சிக்கு ஒரு பென்னி வீதம் ஈட்டியதாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் நகைச்சுவையோடு குறித்துள்ளார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. உழைப்பாளரும் வந்து கேட்கத்தக்க மலிவான இருக்கைகளை அவர் விடாது வைத்திருந்தார். அன்று தோன்றிய ஹாலே இசைக்குழு இன்றும் இயங்குகின்றது.

ஹாலேயின் இசை முழங்கிய 'தடையிலா வணிக மண்டபம்' 1856இல் எழுந்தது. அது நின்ற இடம் எது தெரியுமா? குதிரைப்படை புகுந்த அதே புனித பீட்டர் திடல்தான். குருதி சிந்திய மண்ணில் இசை மண்டபம் எழுந்தது. இரண்டு நூறாண்டுகள் கழித்து, 2019இல், மாண்டவர்க்கு ஒரு நினைவுச்சின்னமும் அதனருகே அமைந்தது.

இதழும் ஊரும் மாறுபட்டபொழுது

ஊர் இதழ் எப்பொழுதும் ஊர் மக்கள் பக்கமே நின்றது என்று கருதுதல் வேண்டா. மான்செஸ்டரில் வாழ்ந்த காஸ்கல் அம்மையார் ஆலைத் தொழிலாளரின் வறுமையைப் பொருளாகக்கொண்டு 'மேரி பார்ட்டன்' என்னும் நாவலை 1848இல் வெளியிட்டார். முதலாளிகளுக்கு அந்நூல் நீதி செய்யவில்லை என்று கார்டியன் கடிந்துரைத்தது.

இதனினும் பெரிய சோதனை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வந்தது. தென் மாநிலங்களிலிருந்து பஞ்சு வராமையால் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியால் வாடின. அந்நிலையிலும் 1862 டிசம்பர் 31ஆம் நாள் தொழிலாளர் பலர் தடையிலா வணிக மண்டபத்திற் கூடி, அடிமை முறையை ஒழிக்க முனைந்த ஆபிரகாம் லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்து மடல் அனுப்பினர். லிங்கன் அவர்தம் தியாகத்தைப் போற்றி, அடுத்த திங்களிலேயே மறுமொழி விடுத்தார். கார்டியனோ லிங்கனை ஆதரிக்கவில்லை. பஞ்சின்றித் தவித்தவர்கள் அறத்தின் பக்கம் நின்றனர். பஞ்சு வணிகரின் துணையோடு வளர்ந்த இதழ் தயங்கிற்று. அதன் வேர் எங்கிருந்தது என்பது பின்னாளில் விளங்கிற்று. டெய்லரும் அவருக்கு நிதியளித்தவர்களிற் பெரும்பாலோரும் அடிமைகள் உழைப்பால் விளைந்த பஞ்சின் வணிகத்தோடு தொடர்புடையவர்கள் என்பது ஆராய்ச்சியால் தெளிவாக, 2023ஆம் ஆண்டு அவ்விதழின் உரிமையாளரான ஸ்காட் அறக்கட்டளையினர் மன்னிப்புக் கோரினர். இரு நூறாண்டுக் கணக்கைத் திருப்பிப் பார்க்கும் துணிவை நாம் பாராட்டலாம். ஆயின், அக்கணக்கில் நேர் நின்றவர்கள் பட்டினி கிடந்த நெசவாளரே என்பதையும் மறத்தலாகாது.

ஸ்காட் காலம்

1872 முதல் 1929 வரை 57 ஆண்டுகள் ஆசிரியராயிருந்த சி. பி. ஸ்காட், கார்டியனை உலகறிந்த இதழாக்கினார். கருத்துரைக்கும் உரிமை எவர்க்கும் உண்டு, நடந்த செய்தியைத் திரிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அவர் வகுத்த நெறி. தென்னாப்பிரிக்கப் போயர் போரை அவர் எதிர்த்தபோது வாசகர் பலர் இதழைக் கைவிட்டனர்; அலுவலகத்துக்குக் காவலர் காப்பு வேண்டியதாயிற்று. அவர் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஊர்க்கலைக்கும் அவர் இதழில் உயர்ந்த இடம் இருந்தது. தேயிலை வணிகச் செல்வத்தின் வழிவந்த ஆனி ஹார்னிமன் அம்மையார் 1908இல் கெயிட்டி அரங்கை வாங்கி, அவ்வூர் எழுத்தாளரின் நாடகங்களை நடிக்கச் செய்தார். ஸ்டான்லி ஹாட்டன் போன்றோர் லங்காஷயர் மக்களின் வாழ்வையும் பேச்சையும் மேடையேற்றினர். சி. இ. மாண்டேக் முதலிய கார்டியன் திறனாய்வாளர்கள், தலைநகர் நாடகத்துக்கு எத்துணைக் கவனம் செலுத்துவரோ அத்துணைக் கவனத்துடன் உள்ளூர் நாடகத்தையும் ஆராய்ந்தெழுதினர். குறையைக் குறையென்றனர், நிறையை நிறையென்றனர். கலைஞனுக்கு வேண்டியது வெற்றுப் புகழ்ச்சியன்று. தன்னைப் பொருட்படுத்திப் படிக்கும் கண்ணேயாகும்.

பெயரிலிருந்து ஊர் நீங்கியது

1868இல் தோன்றிய 'மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்' என்னும் மாலை இதழ் கார்டியனோடு ஒரே உரிமையின்கீழ் வந்தது. ஊர்ச் செய்தியும் விளம்பரமும் தாங்கிய அம்மாலை இதழின் வருவாயே, புகழ்பெற்ற காலை இதழைப் பல்லாண்டு காத்தது. எளிய தம்பி ஈட்டிய பொருளில் படித்த அண்ணன் பெயரெடுத்த கதை எனலாம்.

வாசகருட் பெரும்பாலோர் மான்செஸ்டருக்கு வெளியே உள்ளனர் என்னும் காரணத்தால், 1959 ஆகஸ்டில் அவ்விதழ் தன் பெயரிலிருந்து ஊர்ப்பெயரை நீக்கிக் 'கார்டியன்' என்றே நின்றது. 1961இல் இலண்டனிலும் அச்சாயிற்று. 1964இல் ஆசிரியரின் அலுவலகமும் இலண்டனுக்குப் பெயர்ந்தது. 2010இல் மாலை இதழும் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அண்ணன் இன்று உலகெங்கும் படிக்கப்படுகின்றான். தம்பி பிறர் வீட்டுக்குப் போய்விட்டான்.

இதனால் மான்செஸ்டர் ஊமையாகிவிட்டது என்று சொல்ல இயலாது. 1922 நவம்பரில் டிராஃபோர்டு பார்க் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வானொலி ஒலிக்கத் தொடங்கிய ஊர் அது. 1956இல் கிரனாடா தொலைக்காட்சி அங்குத் தோன்றிற்று. உழைப்பாளர் தெரு ஒன்றின் வாழ்வைக் காட்டும் 'காரனேஷன் ஸ்திரீட்' தொடர் 1960 முதல் ஒளிபரப்பாகி வருகின்றது. 2011இல் பிபிசி தன் பிரிவுகள் பலவற்றை அடுத்துள்ள சால்ஃபோர்டுக்கு மாற்றிற்று. எனினும், ஓர் ஊரிலிருந்து நாட்டுக்கு ஒலிபரப்புவது வேறு. அவ்வூரைப் பற்றி அவ்வூராருக்கே எழுதுவது வேறு. சிறு பாடகர் குழுவின் நிகழ்ச்சிக்கு இரவில் சென்று, காலை இதழில் நேர்மையாக ஒரு பத்தி எழுதும் திறனாய்வாளர் இடத்தைக் கோபுரங்களும் நிலையங்களும் நிரப்புவதில்லை.

முடிவாக

இலக்கிய தத்துவக் கழகத்தின் இல்லம் 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது; கழகம் அழியவில்லை. அதே குண்டுவீச்சில் சிதைந்த இசை மண்டபம் 1951இல் மீண்டும் எழுந்தது. 1996இல் ஹாலே குழு பிரிட்ஜ்வாட்டர் மண்டபத்துக்கு மாறிற்று. போர்ட்டிகோவும் நிற்கின்றது. இதழ் பெயர்ந்த பின்னும் இவை நிலைத்தமைக்குக் காரணம், ஊரார் தம் பொருளாலும் உழைப்பாலும் இவற்றைத் தமதாக்கிக்கொண்டமையே. ஆனால் அவ்வூரின் 19ஆம் நூற்றாண்டு வாழ்வை இன்று நாம் இவ்வளவு விளக்கமாக அறிய முடிவதற்குக் காரணம், அதனை நாள்தோறும் எழுதிவைத்த உள்ளூர் இதழ்களே. சங்கம் கலையைக் காக்கும். இதழ் அதன் நினைவைக் காக்கும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையாயின், பாதி வரலாறே மிஞ்சும்.

ஆசிரியப் பெருமக்களே! கோயம்புத்தூர்ப் பாடம் நடத்தும் நாளில் மாணவர்க்கு இம்மான்செஸ்டரையும் சொல்லுங்கள். அத்துடன், நம் பள்ளியில் நடக்கும் கலைவிழாவையும் நம் ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தையும் நாள், பெயர், நிகழ்ச்சி பிழையாமல் எழுதி நாளிதழுக்கு அனுப்பும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பியுங்கள். டெய்லரும் பிரெண்டிஸும் முதலில் செய்தது அவ்வளவே.