இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்

இந்தியாவின் அரசுத் தலைவரான குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், மாநிலங்களிலும், டெல்லி, புதுச்சேரி சட்டப்பேரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். நியமன உறுப்பினர்களுக்கும் சட்ட மேலவையினருக்கும் வாக்குரிமை இல்லை. பதவிக்காலம் 5 ஆண்டுகள்.

எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு கிடையாது. மாநில மக்கள்தொகையைப் பேரவை இடங்களால் வகுத்து, வருவதை மீண்டும் 1,000-ஆல் வகுத்தால் ஓர் எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு கிடைக்கும். தமிழ்நாட்டில் அது 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் வெறும் 7. இன்றுவரை கணக்கில் கொள்வது 1971 மக்கள்தொகையைத்தான். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே நின்ற மாநிலங்களின் குரல் தேயாமல் காக்கும் நியாயமான ஏற்பாடு இது.

வாக்களிப்பவர் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண்ணிடுவார். செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெறுபவர் வெல்வார். இம்முறையின் அருமை தெரிந்தது 1969-இல். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி; ஆனால் கட்சியினரை மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார் பிரதமர் இந்திரா காந்தி. முதல் விருப்ப எண்ணிக்கையில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகே, சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி 4,20,077 மதிப்புடன் வென்றார். அந்த ஆண்டே காங்கிரஸ் பிளவுபட்டது.

அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டியவர் என்றாலும் குடியரசுத் தலைவர் வெறும் கையெழுத்து இயந்திரம் அல்லர். எம்.பி.க்கள் வகிக்கும் சில பதவிகளைத் தகுதி நீக்கத்திலிருந்து விலக்கும் ஆதாயப் பதவி மசோதாவை 2006-இல் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. அரசமைப்பின்படி அவர் ஒப்புதல் அளித்தார்.