பாகூர் வித்தியாஸ்தானமும் திண்ணைப் பள்ளியும்

புதுவைக்குத் தெற்கேயுள்ள பாகூரைப் பேரேரியால் அறிந்தோர் பலர். கல்வியால் அறிந்தோர் நம்மவருள் சிலரே. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் தனது 8ஆம் ஆட்சியாண்டில், சிற்றரசன் ஒருவன் விண்ணப்பிக்க, அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை ஈந்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறாநிற்கும். வயலின் வருவாயே ஆண்டுக் கல்விக்கு முதலாயிற்று.

எனினும் அது வடமொழி உயர்கல்விக்கு அமைந்த நிலையம். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் ஈந்தது பிற்காலத்துத் திண்ணைப் பள்ளியேயாம். அதற்கு மானியமுமில்லை, மண்டபமுமில்லை. மணலே பலகை, விரலே எழுதுகோல், கை தேர்ந்தபின் ஓலையும் எழுத்தாணியும். உபாத்தியாயருக்குக் கூலி பெரும்பாலும் நெல்லே. எண்சுவடியைத் திறந்தால் அப்பிள்ளை காண்பது தன் வீடேயன்றி வேறன்று: நெல்லிலக்கத்தில் ஆழாக்கும் உழக்கும், 8 நாழிகொண்ட குறுணியும், 12 குறுணிகொண்ட கலமும், குழிமாற்றில் தந்தையின் வயற்பரப்பு, கீழ்வாயிலக்கத்தில் 320இல் ஒரு கூறாகிய முந்திரிவரை. களத்து நெல் அளக்கப்படும்போது கணக்கைச் சரிபார்க்கவல்ல பிள்ளைக்குக் கல்வியின் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பிப்பான். ஓர் ஆசிரியரே பலரை ஆளுதற்கு இதுவே வழி. 1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆந்திரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் இல்லத்திற் புகுத்தினார். பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகட்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என அது இங்கிலாந்திற் பரவிற்று. நம் திண்ணையை நாம் இகழ்ந்த காலத்தே அயலார் அதனைப் போற்றினர் என்பது வியப்பே.

ஆயின் குறையை மறைத்துப் பெருமை பேசுதல் முறையன்று. பொருளுணராது நெட்டுருச் செய்தலும், பிரம்படியும், கோதண்டமும் அப்பள்ளியின் பழிகள். அவற்றினும் கொடிது, பெண்மக்களுக்கும் சேரிப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாதிருந்தமை. சாதி வேலியிட்டவர்களுள் நம் முன்னோரும் உளர். அவ்வேலியைத் தகர்த்தது பிற்காலத்துப் பொதுப் பள்ளியே, அந்நன்றியை மறத்தலாகாது.

இப்பொழுது புதுவை அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தைக் கைக்கொண்டுள்ளன. பாரத நாடு முழுமைக்கும் எழுதப்பட்ட நூலில் பாகூர் ஏரியும் வில்லியனூர்த் தேரும் இடம்பெறா. இடம்பெறச் செய்யவல்லார் ஆசிரியரொருவரே. இவ்வூர்களில் நிலத்தை இன்றும் குழிக்கணக்கிற் பேசுவோர் உளர். தன் வீட்டு வயல் எத்தனை குழியென்று அறிந்த சிறுமியிடம், அக்குழியையே சதுர மீட்டராக்கச் சொல்லிக் கணிதத்தைத் தொடங்குதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. அரைமணிப் பொழுதும், பாடத்தை முடிக்குமாறு விரட்டாத மேலதிகாரியும் வேண்டும்.