ஃபோந்தேன்புளோ வனத்தின் நடைபாதைகள்

பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், ஓக் மரங்களும் பீச் மரங்களும் பைன் மரங்களும் அடர்ந்து, இடையிடையே வெண்மணலும் மணற்பாறைக் குவியல்களும் விரவிக் கிடக்கும் ஃபோந்தேன்புளோ வனம், பல நூற்றாண்டுக் காலம் பிரெஞ்சு மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்து வந்தது. குதிரைகளும் வேட்டைநாய்களும் பாய்ந்தோடுவதற்கென வெட்டிய அகன்ற சாலைகள் அங்கே இருந்தன. பாரிஸின் வீதிகளில் பாவுவதற்குக் கல் உடைத்தெடுத்த பள்ளங்கள் இருந்தன. விறகு பொறுக்கும் ஏழை ஜனங்கள் நடந்து நடந்து தேய்ந்த தடங்களும் இருந்தன. ஆனால் தாயும் தந்தையும் குழந்தைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு, வேறு காரியம் ஒன்றுமின்றி, வனத்தின் அழகைக் கண்டு களிப்பதற்கென்றே நடந்து செல்லத்தக்க பாதை ஒன்றேனும் அங்கே இருந்ததில்லை. அத்தகைய பாதையைச் சிருஷ்டித்தவர் மன்னருமல்லர், வன அதிகாரியுமல்லர். நெப்போலியனின் சேனையில் ஊழியம் புரிந்து, பின்னர் ஃபோந்தேன்புளோ நகரத்துப் படைவீடு ஒன்றில் வாயிற்காவலராக இருந்து, தம் அரசியல் அபிப்பிராயங்களின் காரணமாக அந்த உத்தியோகத்தையும் இழந்த க்ளோத் பிரான்சுவா தெனெகூர் என்னும் சாமானிய மனிதர் அவர்.

1788-இல் பிறந்த தெனெகூர், ஐம்பது வயதைக் கடந்த பிறகே இம்முயற்சியில் இறங்கினார் என்பதை நினைக்கும்போது அவர்மீது எனக்குள்ள மதிப்பு இன்னும் மிகுகிறது. 1839-இல் வனத்தைப் பற்றிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்ட அவர், 1842 முதல், முறையான அனுமதிக்குக்கூடக் காத்திராமல், சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கூலியாட்களை அமர்த்திப் பாதைகளை அமைக்கலானார். அவை வேட்டைச் சாலைகளைப் போல நேரே ஓடுபவை அல்ல. பாறைகளின் இடுக்கிற் புகுந்து, மேட்டில் ஏறி, முதிர்ந்த ஓக் மரமொன்றின் அடியைச் சுற்றிக்கொண்டு, எதிர்பாராத திருப்பத்திலே பரந்த காட்சியொன்றைக் கண்முன் விரிப்பவை. சில இடங்களில் குகை போதாதென்று கண்டு, பாறையைக் குடைந்தும் கல்லை அடுக்கியும் அவரே குகைகளை உண்டாக்கினார். மரங்களுக்கும் பாறைகளுக்கும் பெயரிட்டார். எல்லாவற்றிற்கும் மேலாக, மரத்திலும் கல்லிலும் நீல வர்ணத்தால் அம்புக்குறி தீட்டி வைத்தார். அதுவே அவருடைய பெரும் உபாயம். ஏனெனில், அக்குறிகளும் அவருடைய சிறு புத்தகமும் துணையிருந்தால், வனத்தை முன்பின் அறியாத நகரவாசியும் கூலிக்கு வழிகாட்டியைத் தேடாமல், வழி தவறிவிடுவோமென்ற பயமுமில்லாமல், தன் குடும்பத்தோடு மாலைக்குள் திரும்பிவிடலாம். 1849-இல் பாரிஸிலிருந்து ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்களும் வந்தார்கள்.

இதே காலத்தில், வனத்தின் ஓரத்திலுள்ள பார்பிஸோன் கிராமத்தில் ஓவியர்கள் குடியிருந்தார்கள். முதிர்ந்த மரங்கள் வெட்டுண்டு வீழ்வதையும், அவ்விடங்களில் பைன் கன்றுகள் வரிசையாக நடப்படுவதையும் கண்டு மனம் வெதும்பிய அவர்களுள் முதன்மையானவர் தியோடர் ரூஸோ. 1852-இல் அவர் மூன்றாம் நெப்போலியனுக்கு விண்ணப்பம் செய்துகொண்டார். அதன் பலனாக அடுத்த ஆண்டு 624 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. 1861-இல் சக்கரவர்த்தியின் ஆணைப்படி 1,097 ஹெக்டேர் பரப்பு, அதன் எழிலின் பொருட்டே, கோடரிக்கு விலக்கப்பட்டது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஏற்படுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சம்பவம் இது.

ஓவியருட் சிலருக்குத் தெனெகூரின் அம்புக்குறிகள் பிடிக்கவில்லை. ஏகாந்தத்தை அவர் கெடுத்துவிட்டார் என்று குறைப்பட்டார்கள். அவர்களுடைய வருத்தம் பொய்யானதன்று. ஆயினும் நான் தெனெகூரின் பக்கமே நிற்பேன். தூரிகை ஏந்தியவனுக்கும் ஓய்வுநாள் ஒன்றே சொந்தமான தொழிலாளிக்கும் வனத்தின் அமைதி சமமாகவே உரியது. தான் நடந்து பார்த்த காட்டையே ஜனசமூகம் காப்பாற்ற முன்வரும் என்பதும் அந்த வனத்தின் சரித்திரத்திலேயே காணக் கிடைக்கிறது. எழுத்தாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் போலும்: 1855-இல் அவரைக் கௌரவித்து வெளியான தொகுப்பில் ஹியூகோ, ஜார்ஜ் சாண்ட், போதலேர் முதலியோரின் எழுத்துகள் இடம்பெற்றன.

1875-இல் தெனெகூர் காலமானபோது, அவர் அமைத்த பாதைகள் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம் இருந்தன. அவருக்குப் பின் ஷார்ல் கொலினே என்பவர் அப்பணியை ஏற்று, புதிய பாதைகளையும் சேர்த்தார். 1907-இல் தோன்றிய வனத்தின் நண்பர்கள் சங்கம், இருவர் பெயரையும் சேர்த்து வழங்கும் அப்பாதைகளைப் பராமரித்து, வெயிலிலும் மழையிலும் மங்கிப்போகும் நீலக் குறிகளுக்கு மீண்டும் வர்ணம் தீட்டி வருகிறது.