கண்டியில் ஓர் அம்மைக் காலம்

யோவான் நற்செய்தியில் இயேசு தம் சீடர்களுக்குப் புதிய கட்டளை கொடுக்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டளை பிறகுதான் வருகிறது. முதலில் அவர் மேலுடையைக் கழற்றி வைக்கிறார், துண்டை இடுப்பில் கட்டுகிறார், சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அன்றிரவே காட்டிக்கொடுக்கப் போகிறவனின் கால்களும் அதில் அடக்கம். ஒருவரையொருவர் அன்பு செய்யுங்கள் என்று அவர் சொல்வது இதற்கெல்லாம் பின்னர்தான். முதலில் கை, பிறகு வாய். இதே வரிசையில் அந்தக் கட்டளையை நம் தீவில் வாழ்ந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. அவர்கள் கால்வினிய சபையினர். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். ஒரு குருவுக்கு இடங்கொடுத்து ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்றும் அறிவித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கே ஆயனில்லாத மந்தையாகத்தான் நம் முன்னோர் இருந்தார்கள். கோவாவில் இந்தச் செய்தியைக் கேட்டு உறக்கமிழந்தவர் வாஸ் அடிகளார். 1651இல் பிறந்தவர், கொங்கணிப் பிராமணக் குடும்பத்தவர். 1687இல், யோவான் என்ற பணியாளரோடு, கூலிக்காரரைப் போல உடை தரித்துத் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து வந்தார். வந்த வேகத்திலேயே கடுமையான வயிற்றுளைவில் விழுந்து சாவின் விளிம்பு வரை போனார். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மலர்கிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடமானது. அவருக்குக் கதவு திறந்த ஒவ்வொரு வீடும் தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் திறந்தது. அந்த வீட்டாரின் பெயர்கள் பெரும்பாலும் நம் கைக்கு வரவில்லை. அவர்களும் கட்டளையைக் கடைப்பிடித்தவர்களே.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் அவர் புத்தளம் போய், 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். அங்கே கிடைத்த வரவேற்பு சிறைதான். அரசவையில் இருந்த பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் சொல்லிவிட்டார். அடிகளார் சிறைக்குள்ளேயே ஒரு கொட்டிலை எழுப்பி அதைக் கோவிலாக்கிக்கொண்டார். கண்டியின் வறட்சிக் காலத்தில் அவர் செபித்ததும் மழை பெய்ததும் நம் மறைக்கல்வி வகுப்புகளில் எல்லாரும் கேட்ட கதை. என்னைக் கேட்டால், அந்த மழையை விட அதன் பின் வந்த அம்மைக் காலத்தையே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரவேண்டும்.

1697இல் கண்டி நகரைப் பெரியம்மை பிடித்தது. மருந்தில்லாத நோய். அம்மை கண்டவரைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவது அக்கால வழக்கம். தேறினால் திரும்பி வரலாம், இல்லையேல் விலங்குகளுக்கு இரை. அதைச் செய்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினார்கள். அடிகளாரும், அவர் உறவினரான யோசேவ் கர்வாலியோ அடிகளாரும் நீங்கவில்லை. ஆட்கள் விட்டுப் போன வீடுகளை நோயாளர் விடுதிகளாக மாற்றினார்கள். காட்டில் கிடந்தவர்களைத் தேடிப் போய்க் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். உணவு கொண்டுபோய் ஊட்டினார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. வாஸ் அடிகளார் சேர்ந்திருந்த கோவாவின் ஒரட்டோரியன் சபை பிராமணக் குலத்துக் குருக்களால் ஆனது. சீழ் வடியும் உடலைத் தொடுவதும், பிணம் சுமப்பதும், குழி வெட்டுவதும் அக்காலச் சமூகத்தில் யார் தலையில் சுமத்தப்பட்ட வேலை என்பது நமக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கிற தமிழ்ப் பங்குகள் இன்றும் இல்லாமல் போய்விடவில்லை. திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கைகளாலேயே அவர் குழியும் வெட்டினார். அதைப் பற்றி அவர் பிரசங்கம் எதுவும் செய்ததாக நான் வாசித்ததில்லை.

ஆள் சேர்க்கத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஆனால் ஆள் சேர்க்க நினைப்பவன் சாகப்போகிறவனிடம் போகமாட்டான். நாளைக்கு எழுந்து வந்து கோவிலில் நிற்க முடியாதவனுக்கு இன்று கஞ்சி ஊட்டுவதில் எந்த எண்ணிக்கையும் கூடுவதில்லை. மேலும், அம்மை தமக்கும் தொற்றும் என்பது அந்த இருவருக்கும் தெரியாததல்ல. தம்மை ஒற்றர் என்று அடைத்து வைத்த நகரத்துக்குத்தான் அவர் இதைச் செய்தார். பகைவருக்கும் அன்பு என்னும் கட்டளை, மலைப்பொழிவில் வாசிக்கும்போது நமக்கு மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. கண்டியில் அது அடுத்த தெருவில் கிடந்த ஒரு நோயாளியின் வடிவில் இருந்தது.

அரசன் இதைக் கண்டான். தன் குடிகளுக்கு நடந்ததை அவன் மறக்கவில்லை. பௌத்த மன்னனாகவே இருந்துகொண்டு, அடிகளார் தன் இராச்சியத்தில் தடையின்றிப் பணியாற்ற இடம் கொடுத்தான். ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகளில் வேட்டையாடப்பட்ட திருச்சபை, மலைநாட்டில் மூச்சு விட்டது. கோவாவிலிருந்து இன்னும் குருக்கள் வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நூல்கள் நம் செபங்களுக்கும் வழிபாட்டுக்கும் பெரும் செல்வமாயின.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, மத வேறுபாடின்றிப் பெருங்கூட்டம் கூடியிருந்தது. கண்டியில் அவரை அடக்கம் செய்த இடம் எது என்பது மட்டும் இன்றுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.