கவனக்குறைவும் காரணமும்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கோலாலம்பூர் அரசாங்க மருத்துவகம் ஒன்றில் ஆயாவாகப் பணியாற்றிய மாது ஒருவர், காலில் புண் கண்டு அங்கிருந்த மருத்துவரிடம் காட்டினார். பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அம்மாது உயிர் நீத்தார். பெனிசிலின் அவருக்கு ஒவ்வாதது. அவருடைய பழைய வெளிநோயாளர் அட்டையில் அது குறிக்கப்பட்டும் இருந்தது. மருத்துவரோ, "இம்மருந்து முன்பு ஒத்துக்கொண்டதா?" என்று வினவவில்லை.

குடும்பத்தார் இழப்பீடு கோரி அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. அன்று இந்நாட்டு மேல்முறையீடுகள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை செல்லும். அங்கே 1967-இல் முதல் தீர்ப்பே நிலைநாட்டப்பெற்றது.

'கவனக்குறைவு' என்பது நம் பேச்சில் மனத்தின் குறையைச் சுட்டும். திருக்குறளின் 'பொச்சாவாமை' அதிகாரமும் அகத்தின் மறதியையே கடிகிறது. சட்டம் அகத்துள் நுழைவதில்லை. மருத்துவர் நல்லெண்ணம் உடையவரா என்பது அதற்கு வேண்டாத ஆராய்ச்சி. அத்தொழிலில் சாதாரணத் திறமை வாய்ந்த ஒருவர் அவ்விடத்தில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். 1957-இல் இங்கிலாந்தில் போலம் என்னும் வழக்கில் தெளிவாக உரைக்கப்பட்ட அளவுகோல் இது. ஊசிக்கு முன் விசாரித்தல் வேண்டும் என்று மருத்துவ வல்லுநர்களே சாட்சியம் கூறியிருந்தனர். அதற்கு மேலும் பாடநூல் ஆதாரம் தேவையில்லை என்றது பிரிவி கவுன்சில். ஏட்டில் இருந்தால்தான் கடமையாகுமா, என்ன?

கடமை தவறியதைக் காட்டினால் மட்டும் வழக்கு வெல்லாது. அத்தவறே தீங்கை விளைத்தது என்றும் காட்ட வேண்டும். அதே 1967-இல் லண்டனில் முடிவான ஒரு வழக்கு இதற்குத் தக்க சான்று. தேநீர் பருகியபின் வாந்தியெடுத்த இரவுக் காவலாளர் மூவர் மருத்துவமனை சென்றனர். பணியிலிருந்த மருத்துவர் அவர்களை நேரில் பாராமலே, வீட்டுக்குப் போகுமாறு தொலைபேசியில் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் சில மணி நேரத்தில் மாண்டார். தேநீரில் கலந்திருந்தது பாஷாணம். மருத்துவர் தவறியது உண்மையே. எனினும், உடனே பார்த்திருந்தாலும் முறிமருந்து உரிய நேரத்தில் கிடைத்து அவர் பிழைத்திருக்கமாட்டார் என்று கண்ட நீதிமன்றம், விதவையின் கோரிக்கையைத் தள்ளியது. கொடிய முடிவாகத் தோன்றலாம். ஆயினும், தான் விளைக்காத சாவுக்கு ஒருவரை ஈடுகட்டச் சொல்வதும் நீதியாகாது.

கோலாலம்பூர் வழக்கில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. மருத்துவர் கேட்டிருந்தால் மாது சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் ஊசி ஏறியிராது.

பிரிவி கவுன்சிலுக்கான மேல்முறையீடு 1985 தொடக்கத்தோடு முற்றும் நின்றது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், சிகிச்சையின் அபாயங்களை நோயாளிக்கு எடுத்துரைக்கும் கடமையைப் போலம் அளவுகோலால் அளக்கலாகாது என்று தீர்த்தது. அதை மருத்துவர்களின் வழக்கத்துக்கு விடாமல் நீதிமன்றமே ஆராயும். நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் பழைய அளவுகோலே உரியது என்று 2017-இல் அந்நீதிமன்றமே தெளிவாக்கியது.